எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்ததும் தெரிவது எதிரே உள்ள காட்சி அல்ல. ஏறத்தாழ அரை அங்குலம் மட்டுமே உள்ள ஒரு குட்டித் திரை. லென்ஸ் வழியாக வந்த ஒளி சென்சாரில் விழுகிறது. பிராசஸர் அதைப் படமாக்குகிறது. அந்தப் படம் குட்டித் திரையில் ஒளிர்கிறது. கண்ணருகு லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் ஒரு கண்ணாடியும் ஒரு பட்டகமும் செய்த வேலையை இங்கே இத்தனை பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அதனால் 'வியூஃபைண்டர் சரியில்லை' என்று மொத்தமாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. எந்த இடத்தில் சரியில்லை என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள் போதும். முதலாவது, வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே மெனுவைத் திறப்பது. மெனு எழுத்துகள் சென்சாரிலிருந்து வருவதில்லை. பிராசஸர் நேரடியாகத் திரையில் எழுதுபவை. எனவே மெனுவிலும் குறை தெரிந்தால் பழி திரை மீதோ கண்ணருகு லென்ஸ் மீதோதான். இரண்டாவது, அதே காட்சியைப் பின்பக்கத் திரையில் பார்ப்பது. அங்கும் அதே குறை இருந்தால் குட்டித் திரை நிரபராதி. லென்ஸ், சென்சார், அமைப்புகள் ஆகியவற்றைத்தான் விசாரிக்க வேண்டும். மூன்றாவது, எடுத்த படத்தைக் கணினியில் திறந்து பார்ப்பது. படம் சுத்தமாக இருந்தால், குறை நீங்கள் பார்ப்பதில்தான் இருக்கிறது, பதிவானதில் இல்லை.

கீழே உள்ள அறிகுறிகளில் பாதிக்கு மேல் கோளாறே அல்ல. சில, யாரோ மாற்றிவைத்த அமைப்பு. சில, எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரின் பிறவிக் குணம். அவற்றை எந்த மெனுவாலும் போக்க முடியாது. எது எந்த வகை என்று அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

வியூஃபைண்டர் கறுப்பாகவே இருக்கிறது, அல்லது பின்திரை தானாக அணைகிறது

இரண்டும் ஒரே நோய். கண்ணருகு லென்ஸுக்கு மேலேயோ பக்கத்திலேயோ கறுப்பாக ஒரு சிறு சன்னல் இருக்கும். அதுதான் கண் சென்சார். அது அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, ஏதாவது பொருளில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது. வந்தால் 'முகம் வந்துவிட்டது' என்று முடிவுசெய்து பின்திரையை அணைத்து வியூஃபைண்டரை ஏற்றும். முகமா, கேமராப் பட்டையா, மார்புச் சட்டையா என்று அதற்குத் தெரியாது.

அந்தச் சன்னலில் எண்ணெய்ப் பசையோ தூசியோ படிந்திருந்தால், முகம் எப்போதும் அங்கேயே இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். மென்துணியால் துடையுங்கள், முதலில் செய்ய வேண்டியது இதுதான். கடும் வெயில் நேராக அதில் விழும்போதும் தடுமாறும். கையால் நிழல் கொடுத்தால் சரியாகிவிடும்.

துடைத்தும் பயனில்லை என்றால் திரைத் தேர்வைப் பாருங்கள். 'வியூஃபைண்டர் மட்டும்', 'மானிட்டர் மட்டும்', 'ஆட்டோ' என்று இருக்கும். பல கேமராக்களில் இதற்குத் தனிப் பொத்தான் உண்டு. பையில் இருக்கும்போது அது அழுந்தி மாறிவிடுவது சகஜம். இன்னொன்று: பின்திரையை வெளியே இழுத்தோ சாய்த்தோ வைத்திருந்தால் சில கேமராக்கள் கண் சென்சாரை வேண்டுமென்றே நிறுத்திவைக்கும். இடுப்பு மட்டத்தில் வைத்துப் படமெடுக்கும்போது திரை அணைந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. திரையை மடக்கி உள்ளே வைத்தால் வியூஃபைண்டர் உயிர்பெறும்.

எல்லாமே மங்கல், ஆனால் படம் கூர்மையாக வருகிறது

மெனுவைத் திறந்து எழுத்துகளைப் பாருங்கள். அவையும் மங்கலா? பார்வைக்கு ஏற்பக் கூர்மையைத் திருத்தும் டயாப்டர் சக்கரம் நகர்ந்திருக்கிறது. கண்ணருகு லென்ஸின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சிறு சக்கரத்தை, எழுத்துகளின் விளிம்பு கூர்மையாகும்வரை திருப்புங்கள். வெளியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு திருப்பாதீர்கள். மரம் மங்கலாகத் தெரிவதற்கு ஃபோகஸும் காரணமாக இருக்கலாம். எழுத்துக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

எழுத்து கூர்மை, காட்சி மட்டும் மங்கல் என்றால் லென்ஸில் கவனம் வையுங்கள்: ஃபோகஸ் சுவிட்ச், லென்ஸ் மேல் படிந்த ஆவி, கைரேகை. கண்ணருகு லென்ஸிலும் மூச்சுக்காற்று ஆவியாகப் படியும். அது பட்டவுடன் மங்கி, சில விநாடிகளில் தானே தெளியும்.

மேனுவல் மோடில் ஃபிளாஷ் வைத்தால் இருட்டு

ஸ்டூடியோவுக்குள் முதல் முறை மிரர்லெஸ் கேமராவோடு நுழைபவர் ஏறத்தாழ எல்லோருமே முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஷட்டர் 1/160, அபெர்ச்சர் எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100. வியூஃபைண்டரில் ஒன்றுமே தெரியவில்லை. படம் எடுத்தால் பளிச்சென்று வருகிறது.

கேமரா பொய் சொல்லவில்லை. அறையில் உள்ள சாதாரண வெளிச்சத்தில் இந்த அமைப்புகளோடு எடுத்தால் படம் எப்படி வரும் என்பதை நேர்மையாகக் காட்டுகிறது. அது கறுப்பாகத்தான் வரும். ஃபிளாஷ் வெடிக்கப்போவது அதற்குத் தெரியாது. கேமராவோடு பேசத் தெரிந்த ஃபிளாஷை மேலே செருகினால், பல கேமராக்கள் இந்த முன்காட்சியைத் தாமாகவே கைவிட்டு வெளிச்சமாகக் காட்டிவிடும். ஃபிளாஷைத் தொலைவிலிருந்து இயக்கும், நடுவில் ஒரே ஒரு ஊசி மட்டும் உள்ள எளிய ரேடியோ டிரிக்கரைச் செருகும்போதுதான் வம்பு. ஷட்டர் திறக்கும்போது அந்த ஊசிக்குச் சைகை போகும், அவ்வளவுதான். எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கேமராவுக்குத் தகவல் எதுவும் வராது.

தீர்வு, எக்ஸ்போஷர் முன்காட்சியை அணைப்பது. சோனியில் 'லைவ் வியூ டிஸ்ப்ளே' என்ற இடத்தில் 'செட்டிங் எஃபெக்ட் ஆஃப்'. கேனானில் 'எக்ஸ்போஷர் சிமுலேஷன்'. ஃபியூஜிஃபில்மில் மேனுவல் மோடுக்கான 'பிரிவியூ எக்ஸ்போஷர்'. நிக்கானின் தொடக்ககால இசட் வரிசையில் 'அப்ளை செட்டிங்ஸ் டு லைவ் வியூ'. பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான். அணைத்ததும் எவ்வளவு இருட்டான அமைப்பாக இருந்தாலும் திரை பார்க்கும்படியாக இருக்கும்.

ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்ததும் இதை மறுபடி இயக்க மறக்காதீர்கள். அணைந்தே கிடந்தால், மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் இரு மடங்கு வெளிச்சம்) கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தாலும் வியூஃபைண்டர் எல்லாம் நலம் என்றே காட்டும். எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரின் மிகப் பெரிய லாபத்தை அணைத்து வைத்துக்கொண்டு கேமராவைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. இந்த ஒரு அமைப்பை ஏதாவது ஒரு தனிப்பயன் பொத்தானில் ஏற்றிவைத்துவிடுவது உத்தமம்.

பார்த்தது ஒரு வெளிச்சம், வந்தது ஒரு வெளிச்சம்

முன்காட்சி இயங்கிக்கொண்டிருந்தும் இந்தப் புகார் வரும். இங்கே காரணங்கள் பல. ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

திரையின் பிரகாசம் முதல் சந்தேக நபர். வியூஃபைண்டர் பிரகாசத்தை 'ஆட்டோ'வில் விட்டால், சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். அளவுகோலே நீண்டு சுருங்கினால் எதை அளப்பது? மேனுவலில் வைத்து, நடு அளவில் நிறுத்துங்கள். எடுத்த படத்தைக் கணினித் திரையோடு ஒப்பிட்டு, வேண்டுமானால் ஒரு படி ஏற்றியோ இறக்கியோ கொள்ளுங்கள். அதன்பின் தொடாதீர்கள்.

அடுத்த சந்தேக நபர் உங்கள் கண். கண்ணைச் சுற்றி ரப்பர் வளையம் ஒளியை அடைத்துவிடுவதால் கண்மணி விரிகிறது. அதே திரை கூடுதல் வெளிச்சமாகத் தோன்றும். இரவில் இது இன்னும் அதிகம். 'போதுமான வெளிச்சம் இருக்கிறது' என்று நம்பிக் குறைவாக எடுத்துவிட்டு, மறுநாள் கணினியில் பார்த்துத் திகைப்பவர்கள் பலர். நண்பகல் வெயிலில் பின்திரை தரும் ஏமாற்றம் இதற்கு நேர்எதிர்: திரை வெளிறிப்போய்க் காட்சி மங்கலாகத் தெரிவதால் கூட்டிக்கூட்டி எடுத்துவிடுவோம். இரண்டுக்கும் மருந்து ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் இருட்டு முதல் வெளிச்சம் வரை எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம். அதை வியூஃபைண்டரிலேயே நேரலையாகக் காட்டும்படி வைத்துக்கொள்ளலாம். எஸ்.எல்.ஆரின் ஆப்டிகல் வியூஃபைண்டரில் கனவிலும் கிடைக்காத வசதி அது.

ஆனால் அந்த ஹிஸ்டோகிராமும் முழு உண்மை அல்ல. ரா கோப்பாக, அதாவது சென்சாரின் பதப்படுத்தாத தரவாகப் படமெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வியூஃபைண்டர் காட்டுவது, ரா தரவிலிருந்து உடனுக்குடன் சமைக்கப்பட்ட ஜேபெக் படத்தைத்தான். ஹிஸ்டோகிராமும், வெளுத்த இடங்களில் ஓடும் வரிக்குதிரைக் கோடுகளும் அதை வைத்தே கணக்கிடப்படுகின்றன. 'விவிட்' போன்ற மாறுபாடு (கான்ட்ராஸ்ட்) கூடிய படப் பாணியில் இருந்தால், ராவில் தாராளமாக இடம் மிச்சமிருக்கும்போதே மேகம் வெளுத்துவிட்டது என்று கோடுகள் ஓடும். பயந்து குறைத்து எடுப்பீர்கள். நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாக இரைச்சல் சேரும். 'நியூட்ரல்' போன்ற அடக்கமான பாணிக்கு மாற்றி, மாறுபாட்டைக் குறைத்து வையுங்கள். முன்காட்சி கொஞ்சம் சோகையாகத் தெரியும். பரவாயில்லை, கணக்கு உண்மைக்கு நெருங்கி வரும்.

இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். பாணியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு ராவில் எடுங்கள். வியூஃபைண்டரில் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கோப்பில் வண்ணம் அப்படியே இருக்கும். ஒளியையும் வடிவத்தையும் மட்டும் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட மலிவான ஆசிரியர் கிடையாது.

வீடியோவில் லாக் வகைப் பதிவை (பின்னால் வண்ணம் திருத்துவதற்காக மாறுபாட்டைக் குறைத்துப் பதியும் முறை) இயக்கியிருந்தால் எல்லாம் சாம்பல் பூத்து வெளிறித் தெரியும். கோளாறு அல்ல. சோனியில் 'காமா டிஸ்ப்ளே அசிஸ்ட்' என்ற பெயரில் இருப்பது போல, பார்ப்பதற்கு மட்டும் சாதாரண வண்ணத்தைக் காட்டும் அமைப்பு பெரும்பாலான கேமராக்களில் உண்டு.

நிறம் மட்டும் மாறித் தெரிந்தால், அதாவது வியூஃபைண்டரில் நீலம் தூக்கலாகவும் பின்திரையில் மஞ்சள் தூக்கலாகவும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு திரைகள் என்பதைத் தவிர வேறு ரகசியம் இல்லை. ஒன்று ஓ.எல்.இ.டி., மற்றது எல்.சி.டி. என்பது வழக்கமான சேர்க்கை. வியூஃபைண்டரின் நிற வெப்பநிலையைத் தனியாகத் திருத்தும் அமைப்பு மெனுவில் இருக்கும்.

வெளிச்சம் சரி, ஆனால் பின்னணி பார்த்ததைவிடக் கூர்மையாகப் படத்தில் வந்துவிட்டது என்பார்கள் சிலர். பல கேமராக்கள், காட்சி இருண்டுவிடாமல் இருக்கவும் ஃபோகஸ் எளிதாகவும் லென்ஸின் அபெர்ச்சரைத் திறந்தே வைத்திருந்து, படமெடுக்கும் கணத்தில்தான் நீங்கள் சொன்ன அளவுக்கு மூடுகின்றன. எஃப்/11 என்று வைத்திருந்தாலும் வியூஃபைண்டரில் தெரியும் மங்கல் எஃப்/11-க்கு உரியது அல்ல. அபெர்ச்சர் முன்பார்வைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

படமெடுத்ததும் காட்சி உறைந்துபோகிறது

கிளிக் செய்தவுடன் எடுத்த படமே இரண்டு விநாடி கண்முன் நின்றால், 'ஆட்டோ ரிவியூ' இயங்குகிறது. அணையுங்கள். பின்திரையில் மட்டும் காட்டு என்ற தேர்வு இருந்தால் அது இன்னும் நல்லது. புதுக் கேமரா வாங்கியதும் நான் மாற்றும் முதல் அமைப்பு இது.

அணைத்த பிறகும் ஒவ்வொரு படத்துக்கும் கண் சிமிட்டுவது போல ஒரு கறுப்பு வரும். இது இயந்திர ஷட்டரோடு சென்சார் பதிவுசெய்யும் நேரம்; அந்த நேரத்தில் திரைக்கு அனுப்ப அதனிடம் காட்சி இல்லை. எஸ்.எல்.ஆரிலும் கண்ணாடி மேலே எழும்போது இதே இருட்டு இருந்தது. இங்கே நாம் அதைக் கூடுதலாக உணர்கிறோம். தரவை மிக வேகமாக வெளியேற்றும் அடுக்குச் சென்சார்கள் வந்த பிறகே இது ஒழிந்தது. 2017-இல் வந்த சோனி ஏ9, எலெக்ட்ரானிக் ஷட்டரில் விநாடிக்கு 20 படம் எடுத்துக்கொண்டே இருட்டு இல்லாமல் காட்டியது. 2021-இன் நிக்கான் இசட்9 இயந்திர ஷட்டரையே தூக்கிப்போட்டது. சாதாரணச் சென்சார் உள்ள கேமராவில் இதற்கு மெனு மருந்து கிடையாது.

தொடர் படம் எடுக்கும்போது வருவது வேறு தொல்லை. ஓடும் நாயைப் பின்தொடர்ந்து எடுக்கிறீர்கள். வியூஃபைண்டரில் அது சட்டத்தின் (ஃபிரேம்) நடுவே இருக்கிறது. படங்களில் மூக்கு சட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது. காரணம், மிக அதிக வேகத்தில் பல கேமராக்கள் நேரலையைக் காட்டுவதில்லை. சற்றுமுன் எடுத்த படங்களைத்தான் வரிசையாக ஓட்டிக்காட்டுகின்றன. நாய் எங்கே இருந்தது என்பதைப் பார்த்துக் கேமராவைத் திருப்புகிறீர்கள், நாயோ அங்கே இல்லை. தொடர் வேகத்தை ஒரு படி குறைத்தால் படத்துக்குப் படம் இடையில் நேரலை திரும்பும். எண்ணிக்கை குறையும், சட்டத்துக்குள் விழுவது கூடும். நல்ல பேரம்.

எதுவும் எடுக்காமல் கேமராவைத் திருப்பும்போதே காட்சி பின்தங்கி இழுபட்டால் புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். விநாடிக்கு 60 என்பதை 120 ஆக்கினால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். சோனி ஏ1 போன்றவற்றில் 240 வரை உண்டு. இதற்கு விலை இருக்கிறது: பேட்டரி வேகமாகக் கரையும், பல கேமராக்களில் நுணுக்கமும் குறையும். எவ்வளவு ஏற்றினாலும் சென்சாரிலிருந்து கண்ணுக்கு வர ஒரு நொடித்துளியேனும் ஆகத்தான் செய்யும். ஆப்டிகல் வியூஃபைண்டரில் ஒளி நேராக வருகிறது. அதோடு இதில் போட்டியிட முடியாது. எலெக்ட்ரானிக் உலகம் இதை வேறு வழியில் ஈடுகட்டுகிறது. ஷட்டரைப் பாதி அழுத்தியதுமே படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துவைத்து, முழுதாக அழுத்தியதும் அதற்கு முந்தைய படங்களையும் கார்டில் பதியும் வசதி அது. ஒலிம்பஸ் 2016-இல் இ-எம்1 மார்க் 2 கேமராவில் 'புரோ கேப்சர்' என்று கொண்டுவந்தது. இப்போது பல நிறுவனங்களிடம் உண்டு. கிளையை விட்டு எழும் பறவையை எடுப்பவருக்கு, தாமதம் என்ற குறை அந்த இடத்தில் அநேகமாக மறந்தே போகும்.

ஃபோகஸ் செய்யும்போது விளிம்புகள் படிக்கட்டாகின்றன

முதலில் கணக்கு. விளம்பரத்தில் 23.6 லட்சம் புள்ளிகள் என்று போட்டிருந்தால் அது 1024 × 768 படத்துகள் (பிக்ஸல்). ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள். 36.9 லட்சம் என்பது 1280 × 960. 57.6 லட்சம் என்றால் 1600 × 1200. 94.4 லட்சம் என்றால் 2048 × 1536. 2004-இல் கோனிகா மினோல்டா டிமாஜ் ஏ2 கொண்டுவந்த 9.22 லட்சம் புள்ளி, அதாவது 640 × 480, அன்று அதிசயமாகப் பேசப்பட்டது.

ஆனால் திரையில் இருக்கும் அத்தனை புள்ளிகளையும் நேரலை எப்போதும் நிரப்புவதில்லை. புதுப்பிப்பு வேகத்தைக் கூட்டினாலோ, சில கேமராக்களில் ஃபோகஸ் இயங்கும்போதோ, நுணுக்கம் குறைந்த காட்சியே திரைக்குப் போகிறது. மின்கம்பியும் சட்டையின் கோடும் அப்போதுதான் படிக்கட்டாகும். 'டிஸ்ப்ளே குவாலிட்டி' என்பதை 'ஹை' ஆக்குங்கள். வேகத்தை 60-க்கு இறக்குங்கள். எடுத்த படத்தை அதே வியூஃபைண்டரில் ஓட்டிப் பாருங்கள்: அங்கே கூர்மையாக இருந்தால் திரை நலமாக இருக்கிறது. பறவை எடுப்பவர் வேகத்தையும், நிலக்காட்சி எடுப்பவர் நுணுக்கத்தையும் தேர்ந்தெடுக்கட்டும்.

இருட்டில் காட்சி கொதிக்கிறது, இழுபடுகிறது

மங்கிய வெளிச்சத்தில் கேமரா காட்சியைத் தெரியவைக்க இரண்டு காரியம் செய்கிறது. சைகையைப் பெருக்குகிறது, அதனால் புள்ளிகள் கொதிக்கின்றன. நேரலையின் ஒவ்வொரு சட்டத்துக்கும் அதிக நேரம் ஒளியைச் சேர்க்கிறது. ஒரு சட்டத்துக்கு 1/8 விநாடி எடுத்துக்கொண்டால் விநாடிக்கு எட்டுச் சட்டத்துக்கு மேல் காட்ட வழியில்லை. அதனால்தான் தலை அசைந்தால் வால் நீள்கிறது. அகன்ற அபெர்ச்சர் உள்ள லென்ஸைப் போட்டால் இரண்டும் தணியும். வெளிச்சத்தைத் தூக்கிக்காட்டும் 'பூஸ்ட்' அமைப்பு ஏதாவது இயங்கினால் அதை அணைத்துப் பாருங்கள். காட்சி இருண்டாலும் அசைவு சீராகும்.

இதைக் குறையாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. அதே இருட்டில் ஆப்டிகல் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் உங்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு மேல் எதுவும் தெரியாது. இங்கே கொதித்துக்கொண்டாவது தெரிகிறது. விண்மீன் படமெடுப்பவர்களுக்காகச் சோனியில் 'பிரைட் மானிட்டரிங்', நிக்கான் இசட்9-இல் 'ஸ்டார்லைட் வியூ' என்று தனி அமைப்பே உண்டு. விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்தலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது, பிரகாசமான வியூஃபைண்டரில் ஒரு முறை எட்டிப்பார்த்தால் அந்த உழைப்பு வீண். பிரகாசத்தைக் கடைசிப் படிக்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

பட்டை பட்டையாக ஓடுகிறது, மினுக்குகிறது

விளக்குதான் காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 60 ஹெர்ட்ஸில் 120 முறை. சென்சார் வரிவரியாகப் படிப்பதால், சில வரிகள் வெளிச்சத்திலும் சில வரிகள் மங்கலிலும் அகப்பட்டுப் பட்டையாகின்றன. பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். பட்டை இல்லை என்றால் கேமரா பிழைத்தது.

படத்தில் பட்டை இல்லாமல் வியூஃபைண்டரில் மட்டும் ஓடினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஃபிளிக்கர் குறைப்பு அமைப்பை இயக்கினால் போதும். படத்திலும் இருந்தால் எலெக்ட்ரானிக் ஷட்டரிலிருந்து இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். ஷட்டர் வேகத்தை 50 ஹெர்ட்ஸுக்கு 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸுக்கு 1/60 அல்லது 1/125 என்று வையுங்கள். மேடையில் உள்ள எல்.இ.டி. திரைகளும் விளக்குகளும் இதற்கு அடங்காது. அவை இன்னும் மிக வேகமாக மினுக்குபவை. ஷட்டர் வேகத்தை நுண்ணிய படிகளாக நகர்த்தும் வசதி உள்ள கேமராவில், பட்டை மறையும்வரை திருப்பிக்கொண்டே பாருங்கள். இந்த இடத்தில் எலெக்ட்ரானிக் வியூஃபைண்டர் செய்யும் உபகாரம் பெரிது: பட்டை படத்தில் விழும் முன்பே கண்ணில் பட்டுவிடுகிறது.

கண்ணைத் திருப்பினால் வானவில் சிதறுகிறது

வெள்ளை விளிம்புகளில் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் ஒரு கணம் பிரிந்து தெரிந்தால், உங்கள் கேமராவில் இருப்பது வண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் வகைத் திரை. மூன்றையும் மிக வேகமாக மாற்றிமாற்றிக் காட்டி மூளையை ஒட்டவைக்க முயல்கிறது. கண் அசையும்போது ஒட்டு விட்டுப்போகிறது. பானாசோனிக் ஜிஎக்ஸ்9 இவ்வகை. இது பிறவிக் குணம், தீர்வு இல்லை. சிலர் கண்ணுக்கு இது படவே படாது. சிலருக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி. வாங்கும் முன் உங்கள் கண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள், நண்பர் கண்ணை நம்ப வேண்டாம்.

ஃபோகஸ் புள்ளி தானாக ஓடுகிறது

மூக்கு. இடது கண்ணால் பார்ப்பவர்களுக்கு மூக்கு தொடுதிரையின் மேல் அழுந்தி, ஃபோகஸ் புள்ளியை ஓரத்துக்குத் தள்ளிவிடும். கண் வியூஃபைண்டரில் இருக்கும்போது தொடுதிரை வேலை செய்யும் அமைப்பை அணையுங்கள். கட்டைவிரலால் புள்ளியை நகர்த்தும் அந்த வசதி வேண்டுமென்றால், திரையில் உங்கள் மூக்கு படாத ஒரு பகுதி மட்டும் தொடுதலை ஏற்கும்படி வைக்கலாம்.

மூலைகள் தெரியவில்லை, சாய்த்தால் இருட்டாகிறது

மூக்குக்கண்ணாடி அணிபவர்களின் கண் லென்ஸிலிருந்து தள்ளி நிற்பதால் ஓரத்து எண்கள் வெட்டுப்படும். காட்சியைச் சற்றுச் சுருக்கிக் காட்டும் அமைப்பு இருந்தால் இயக்குங்கள். கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் என்றால், டயாப்டரின் எல்லைக்குள் உங்கள் பவர் வரும்பட்சத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டே எடுக்கலாம். ஆஸ்டிக்மாட்டிசம் இருந்தால் டயாப்டர் அதைத் திருத்தாது.

வெயிலுக்கான போலரைஸ்டு கண்ணாடியோடு பார்க்கும்போது, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பியதும் திரை கறுத்துப்போனால் அது ஒளி முனைவாக்கத்தின் விளையாட்டு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுங்கள், தீர்ந்தது.

பேட்டரி நிற்கவில்லை

ஒரு பகுதி பிறவிக் குணம். ஆப்டிகல் வியூஃபைண்டருக்கு மின்சாரம் தேவையில்லை. இங்கே பார்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கணமும் சென்சார், பிராசஸர், திரை மூன்றும் உழைக்கின்றன. நிக்கான் டி850 என்ற எஸ்.எல்.ஆருக்குச் சீபா (ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கம்) முறை அளவீட்டில் ஒரு சார்ஜுக்கு 1,840 படங்கள். மிரர்லெஸ் கேமராவான சோனி ஏ7 III-க்குப் பின்திரையில் 710, வியூஃபைண்டரில் 610. உண்மையான பயன்பாட்டில் இவற்றைத் தாண்டி எடுக்கலாம் என்றாலும் விகிதம் மாறப்போவதில்லை.

மீதிப் பகுதி தவிர்க்கக்கூடியது. தோளில் தொங்கும் கேமராவின் கண் சென்சார் உங்கள் இடுப்பைப் பார்த்து முகம் என்று நினைத்து, வியூஃபைண்டரை நடைநெடுக எரியவிட்டுக்கொண்டே வரும். ஒரு நிமிடத்தில் உறங்கும்படி அமைத்துவிடுங்கள். எழுப்புவதற்கு, கண்ணுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஷட்டரைப் பாதி அழுத்தினால், முகத்தருகே வருவதற்குள் விழித்துவிடும். புதுப்பிப்பு வேகம் தேவையில்லாமல் 120-இல் கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

ஒரு புள்ளி, ஒரு கறை, எப்போதும் அதே இடத்தில்

இங்கேதான் மூன்று சோதனைகளும் முழுதாகக் கைகொடுக்கும். ஒளிரும் புள்ளி ஒன்று நேரலையிலும் பின்திரையிலும் படத்திலும் இருக்கிறது, மெனுவில் இல்லை என்றால் அது சென்சாரின் புள்ளி. கேமராவில் பழுதான புள்ளிகளைக் கண்டுபிடித்து மறைக்கும் 'பிக்ஸல் மேப்பிங்' இருந்தால் இயக்குங்கள், பெரும்பாலும் போய்விடும். மெனுவிலும் அதே இடத்தில் இருந்தால் குட்டித் திரையின் புள்ளி. எடுத்த படத்தைப் பெரிதாக்கி நகர்த்திப் பார்ப்பது இன்னொரு வழி. படத்தோடு நகர்ந்தால் படத்தில் உள்ளது. நகராமல் நின்றால் திரையில் உள்ளது. கண்ணருகு லென்ஸைத் துடைத்ததும் இடம் மாறினாலோ மறைந்தாலோ வெறும் தூசி.

மஞ்சளாகவோ பழுப்பாகவோ, சில சமயம் நெளிந்த கோடாகவோ ஒரு கறை, மெனுவிலும் நகராமல் தெரிந்தால் வெயில் சுட்ட வடு. கண்ணருகு லென்ஸ் உங்களுக்காகத் திரையைப் பெரிதாக்கும் அதே லென்ஸ்தான். கேமராவை வெயிலில் மேசைமேல் வைத்துவிட்டுப் போனால், சூரியனைக் குவித்து அந்தக் குட்டித் திரையைப் பொசுக்கிவிடும். கேமராக் கையேடுகள் இதை எச்சரித்தே அச்சிடுகின்றன, படிப்பவர்தான் குறைவு. வெயிலில் வைக்க வேண்டியிருந்தால் கண்ணருகு லென்ஸ் நிழல் பக்கம் இருக்கட்டும், அல்லது மேலே ஒரு துணி கிடக்கட்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகத் தொலைநோக்கு லென்ஸில் சூரியனைப் பார்த்தால் விழித்திரையே போய்விடும். எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது திரையை என்பதால் கண்ணுக்கு அந்த ஆபத்து இல்லை. கேமராவுக்கு உண்டு, சென்சாரும் ஷட்டரும் வெந்துபோகும். சூரிய வடிகட்டி இல்லாமல் அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

சுட்ட வடுவுக்கு மெனுவில் மருந்து கிடையாது. வியூஃபைண்டர் தொகுதியை மாற்றத்தான் வேண்டும். சர்வீஸ் மையத்துக்குப் போகும் முன், மெனுவின் வெற்றிடத்தின் மேல் கறை விழும்படி வைத்து, செல்பேசியின் லென்ஸைக் கண்ணருகு லென்ஸோடு ஒட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கேமராவில் எடுத்த கறையில்லாத படம் ஒன்றையும் கார்டில் விட்டுவையுங்கள். சென்சாரைச் சுத்தம் செய்து பார்க்கலாம் என்று பேச்சு தொடங்கினால், அந்த இரண்டையும் காட்டினால் போதும்.